காயகல்பப் புரட்டு

நரை, திரை, மூப்பு மூன்றையும் ஒழித்துக் கிழவனைக் குமரனாக்கி விடுவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் வியாபாரம் நம் நாட்டில் நேற்று இன்று ஏற்பட்டதல்ல. முன்னே அது லேகியமாகவும் பஸ்பமாகவும் வந்தது. இப்போது மாத்திரையாகவும், ஊசியாகவும், கைபேசியில் ஓடும் விளம்பரமாகவும் வருகிறது. திண்டிவனத்தில் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து மினுக்குவதும், பெருமுக்கல் போன்ற கிராமங்களில் திண்ணைக்கே வந்து மூடியைத் திறந்து காட்டுவதும் ஒன்றேதான். டப்பா வேறு, புரட்டு வேறல்ல.

இந்த வியாபாரத்துக்கு முதல் போட்டவன் புராணக்காரன். யயாதி என்ற ராஜா தனக்கு வந்த கிழத்தனத்தைத் தன் கடைசி மகன் பூருவின் தலையில் கட்டிவிட்டு, அவனுடைய வாலிபத்தை வாங்கிக்கொண்டு ஆயிரம் வருஷம் சுகம் அனுபவித்தானாம். பெற்ற பிள்ளையின் வயதைத் தின்ற இந்தத் தகப்பனைப் பற்றிப் பாரதம் கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்களே ஒழிய, இது என்ன யோக்கியதை என்று ஒருவரும் கேட்பதில்லை. சியவனர் என்ற கிழ ரிஷியை அசுவினி தேவர்கள் குமரனாக்கினார்களாம். அவர் பெயரால் இன்றும் லேகியம் விற்பனையாகிறது. அதில் பெரும்பாகம் நெல்லிக்காயும் சர்க்கரையுமே. நெல்லிக்காய் நல்ல பண்டந்தான்; அதில் நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் சந்தையில் கால் கிலோ வாங்கி உப்புத் தொட்டுத் தின்றுவிட்டுப் போகலாமே, நடுவில் ரிஷிக்கு எதற்குத் தரகு? ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததாகச் சொல்லப்படும் அதியமானாவது விலை கேட்கவில்லை.

புராணத்தில் நடந்தது இருக்கட்டும். பத்திரிகைகள் சாட்சியாக நடந்த ஒன்றைப் பார்ப்போம். காசி இந்து சர்வகலாசாலையை ஏற்படுத்தியவரும், சனாதனிகளின் பெருந்தலைவருமான பண்டித மதன்மோகன் மாளவியா 1938ஆம் வருஷத் தொடக்கத்தில், தமது 76ஆவது வயதில், தபசி பாபா என்ற சாமியாரிடம் காயகல்பம் செய்துகொண்டார். வெளிச்சம் புகாத குடிலில் ஒரு மாதத்துக்கு மேல் அடைந்து கிடந்து மருந்து சாப்பிட்டார். நாடெங்கும் இதே பேச்சு. முகத்தில் சுருக்கம் போயிற்று, மயிர் கறுத்தது என்றெல்லாம் செய்தி பறந்தது. அப்புறம் என்ன ஆயிற்று? மறு வருஷமே, 1939இல், உடல்நலம் சரியில்லை என்று சர்வகலாசாலைத் துணைவேந்தர் பதவியை விட்டு விலகினார். ராதாகிருஷ்ணன் அந்த இடத்துக்கு வந்தார். வாலிபம் திரும்பி வந்தவர் செய்கிற காரியமா இது? 1946 நவம்பரில் மாளவியா காலமானார். "84 வயது வரை இருந்தாரே!" என்று ஒரு வாதம் வரும். எந்தக் குடிலிலும் அடைந்து கிடக்காமல் 84ஐத் தாண்டிய கிழவிகள் பெருமுக்கல்லிலும் மரக்காணத்திலும் திண்ணையில் கீரை ஆய்ந்து கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவார் யாருமில்லை.

நிற்க. "அது சாமியார் சங்கதி, நாங்கள் விஞ்ஞானத்தை நம்புகிறவர்கள்" என்று நமது தோழர்கள் சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்காகத்தான் இதை முக்கியமாக எழுதுகிறோம். யயாதி கதையைக் கேட்டுச் சிரிக்கிற அதே வாய், "அமெரிக்க ஆராய்ச்சி" என்று டப்பாவின் மேல் அச்சடித்திருந்தால் பிளந்துகொள்கிறது. சீமையிலும் காயகல்பக்காரர்கள் உண்டு. 1889இல் பாரிஸ் நகரத்தில் பிரவுன் சேக்கார் என்ற பெரிய டாக்டர், தமது 72ஆவது வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றை ஊசியால் உடம்பில் ஏற்றிக்கொண்டு, பலம் திரும்பிவிட்டதாகப் பெரிய சபையில் சொன்னார். ஐந்து வருஷத்தில் இறந்தும் போனார். அதே நகரத்தில் 1920 முதல் வோரனாஃப் என்பவர் குரங்கின் விதையை அறுத்துப் பணக்காரக் கிழவர்களுக்கு வைத்துத் தைத்தார். அதுவும் பொய்த்தது. டாக்டர் பட்டம் இருப்பதனாலேயே ஒருவர் சொல்வது விஞ்ஞானம் ஆகிவிடாது. எத்தனை பேருக்குக் கொடுத்தாய், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டாயா, முடிவு என்ன என்று கேட்டுப் பதில் வாங்குவதுதான் விஞ்ஞானம்.

இப்போது பேசப்படும் ராபமைசின் என்ற மருந்தைப் பாருங்கள். 2009இல் அமெரிக்காவில் அதைத் தின்ற சுண்டெலிகள் தின்னாத சுண்டெலிகளைவிட அதிக நாள் இருந்தன. இது மெய். இதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் மனிதன் ஆயுள் அதனால் வளர்ந்தது என்று இதுவரை எவரும் நிரூபிக்கவில்லை. சிறுநீரகம் மாற்றி வைத்தவர்களுக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதற்காக டாக்டர்கள் கொடுக்கிற மருந்து அது. ஆரோக்கியமாயிருப்பவன் தன் காவல்காரனைத் தானே கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவானா?

"பலன் இல்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே" என்பது அடுத்த சமாதானம். கெடுதல் உண்டு. புகை பிடிக்கும் பின்லாந்துக்காரர்கள் 29,133 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 1994இல் வெளியாயிற்று. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் சத்தை மாத்திரையாக விழுங்கினவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 சதவிகிதம் அதிகமாக வந்தது. நம் நாட்டுச் சரக்கும் இளைத்ததல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதச் சரக்குகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். 14இல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. சாகாமலிருக்கத் தின்கிற மருந்தில் பாஷாணம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1945ஆம் வருஷத்து மருந்து விதிகளில் "ஜே" அட்டவணை என்று ஒன்று உண்டு. இன்ன இன்னதைக் குணப்படுத்துவதாக மருந்து விற்பவன் சொல்லக்கூடாது என்ற அந்த ஜாபிதாவில், வாலிபத்தைத் திரும்பக் கொடுப்பதும் இருக்கிறது, அகால மூப்பும் இருக்கிறது. அதனால்தான் கெட்டிக்கார வியாபாரி "மருந்து" என்று எழுதாமல் "சத்துணவு" என்று எழுதிக்கொள்கிறான்.

ஆயுள் வளரவே இல்லையா என்றால், வளர்ந்திருக்கிறது. 1941-50இல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷம். இப்போது சுமார் 70. முன்னோர்கள் எல்லாம் நூறு வருஷம் இருந்தார்கள் என்கிறவர்கள் இந்தக் கணக்குக்குப் பதில் சொல்லட்டும். பிறந்த பிள்ளைகளில் பெருந்தொகையை ஐந்து வயதுக்குள் புதைத்ததால்தான் அந்த 32. அதை மாற்றியது எது? அம்மைப்பால், தடுப்பு ஊசி, நல்ல தண்ணீர், பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர், பிரசவ ஆஸ்பத்திரி. மாரியம்மன் கொடுத்ததாகச் சொன்ன பெரியம்மை 1975க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் வரவில்லை. இதில் எந்த லேகியத்துக்குப் பங்கு?

பெருமுக்கல் மலையையும் சுற்றுப்புறத்தையும் வெட்டி எடுக்கும் குவாரிகளில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகி, நாற்பது வயதிலேயே நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த நோய் சட்டப்படி சர்க்காருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது. வந்துவிட்டால் நீக்கும் மருந்து கிடையாது. வராமல் தடுக்கலாம்: துளை போடும்போது தண்ணீர் விட வேண்டும், நல்ல முகமூடி வேண்டும், காலாகாலத்தில் நெஞ்சைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வளவும் முதலாளி செலவு. அதைக் கேட்க ஆளில்லாததால், இளைத்துப்போன அந்தக் கூலிக்காரனிடம் வந்து இளமைக்கு லேகியம் விற்கிறான் ஒருவன். இவனும் இரண்டு நாள் கூலியைக் கொடுத்து வாங்குகிறான். தோழர்களே, அடுத்த தடவை அந்த டப்பாக்காரன் வரும்போது அவனை நிறுத்தி நாலு கேள்வி கேளுங்கள். கையோடு குவாரிக்காரரிடம் போய்த் தண்ணீரும் முகமூடியும் எங்கே என்று கேட்க எத்தனை பேர் வருகிறீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.