கோப்பியும் தேத்தண்ணியும்: எவ்வளவு, எப்போது?



விடிந்தவுடன் எங்கள் வீடுகளில் அடுப்பில் முதலில் ஏறுவது கேத்தல்தான். வீட்டுக்கு வந்தவரை இருத்தி ஒரு கோப்பி கொடுக்காமல் அனுப்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை. நல்ல காரியத்திலும் செத்தவீட்டிலும் தேத்தண்ணிப் பேணிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். இடம்பெயர்ந்து மரங்களின் கீழும் பாடசாலைகளிலும் முகாம்களிலும் இருந்த காலங்களில், பல வேளைகளில் வெறுந்தேத்தண்ணியே எங்களுக்குச் சாப்பாடாக இருந்தது. சீனி கிடைக்காத நாட்களில் பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தோம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பால்மா கிடைக்காமல் போனபோதும் பல வீடுகள் மறுபடி வெறுந்தேத்தண்ணிக்கே திரும்பின.

இவ்வளவு தூரம் எங்களோடு கூட வந்த இந்தப் பானங்கள் உடம்புக்கு என்ன செய்கின்றன என்பதை இம்முறை பார்ப்போம்.

கோப்பி இலங்கைக்குப் புதியதல்ல. 19 ஆம் நூற்றாண்டில் மலைநாடு எங்கும் கோப்பித் தோட்டங்களே இருந்தன. அங்கு வேலை செய்வதற்காகத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி, வன்னிக் காடுகளினூடாக நடந்தே சென்றார்கள். நோயினாலும் பசியினாலும் வழியிலேயே இறந்தவர்கள் பலர். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் கோப்பி இலைகளில் துரு நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி பெரும்பாலும் அழிந்து, அந்த நிலங்களைத் தேயிலை பிடித்துக்கொண்டது. இன்று இந்த நாட்டில் கோப்பியிலும் பார்க்கத் தேநீர் அதிகமாகக் குடிக்கப்படுவதன் கதை இதுதான். இரண்டிலும் கஃபீன் என்ற ஊக்கப்பொருள் உண்டு. ஒரு கோப்பை கோப்பியில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம் வரையும், தேநீரில் 30 முதல் 50 மில்லிகிராம் வரையும் இருக்கும். சாயம் கூடினால் இந்த அளவும் கூடும்.

கோப்பியைப் பற்றிய நல்ல செய்தி

கோப்பி குடித்தால் புற்றுநோய் வரும் என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1991 இல் கோப்பியைச் சந்தேகத்துக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது உண்மை. ஆனால் கூடுதலான ஆய்வுகளைப் பார்த்தபின் 2016 இல் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதேவேளை, 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் என்று சொன்னது. ஆகவே கேத்தலிலிருந்து ஊற்றியவுடன் வாயில் வைக்காமல், சற்று ஆறவிட்டுக் குடியுங்கள்.

அளவோடு கோப்பி குடிப்பவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவும் ஈரல் நோய்களும் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆரோக்கியமான ஒருவர் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை கஃபீன் எடுப்பதில் ஆபத்தில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் வெளியிட்ட கருத்து.

பின் ஏன் கவனம் தேவை? எங்கள் நிலைமையில் இருக்கும் பெண்களுக்குச் சில தனியான காரணங்கள் உண்டு.

குருதிச்சோகையும் தேத்தண்ணியும்

மாதவிடாயினாலும் பிள்ளைப்பேற்றினாலும் பெண்கள் இரும்புச்சத்தை இழக்கிறார்கள். கர்ப்பிணியல்லாத பெண்ணின் குருதியில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது குருதிச்சோகை. களைப்பு, தலைச்சுற்று, படியேறினால் மூச்சு வாங்குதல், முகம் வெளிறுதல் என்பன அதன் அறிகுறிகள். "எனக்கு வயது போகுது, அதுதான் ஏலாமல் கிடக்கு" என்று நாம் தள்ளிவிடும் பல வருத்தங்களுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கோப்பியிலும் தேநீரிலும் உள்ள சில பொருட்கள், உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பு அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. 1983 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு கோப்பி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 வீதத்தாலும், தேநீர் குடித்தபோது 64 வீதத்தாலும் குறைந்தது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தின் பின் குடித்த கோப்பியும் அதே அளவு தடுத்தது. ஆனால் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடித்தபோது பாதிப்பு இருக்கவில்லை.

இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம் இலகுவானது. கோப்பியை விடவேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடியுங்கள், அல்லது சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள். மீன், இறைச்சி வாங்க முடியாமல் கீரையையும் பருப்பையும் நம்பியிருக்கும் வீடுகளில் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் மரக்கறியிலுள்ள இரும்புதான் அதிகம் தடுக்கப்படுகின்றது. முருங்கையிலை வறையில் தேசிக்காய்ப் புளி விடுவது, சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ சாப்பிடுவது இரும்பை உடம்பில் சேர்க்க உதவும்.

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்குபவர்கள் பலர். அப்படிச் செய்தால் குளிசையின் பலன் பெரும்பகுதி வீணாகிவிடும். அதைத் தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். கல்சியம் குளிசையை அதே வேளையில் எடுக்காமல் வேறொரு வேளைக்கு வையுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது அந்தக் குளிசையின் இயல்பு.

நித்திரை வராத இரவுகள்

எங்களில் எத்தனையோ பேருக்கு இரவு என்றாலே பயம். கண்ணை மூடினால் பார்த்ததெல்லாம் திரும்ப வரும். சிறு சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இத்தகைய பாதிப்புகளைப் பற்றி "மனவடு" என்ற நூலில் எழுதினார். போர் தந்த இந்தக் காயத்தைக் கோப்பி உண்டாக்கவில்லை. ஆனால் அதைக் கூட்டிவிடும்.

களைப்பை மூளைக்கு அறிவிக்கும் ஒரு பொருளைக் கஃபீன் மறித்துவிடுகின்றது. அதனால்தான் கோப்பி குடித்தவுடன் உசார் வருகின்றது. அதே கஃபீன் நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் பதகளிப்பையும் தரக்கூடியது. ஏற்கெனவே பயந்திருக்கும் உடம்புக்கு, இது கோப்பியின் படபடப்பா அல்லது ஆபத்தின் படபடப்பா என்று தெரிவதில்லை. குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டு நீங்கச் சராசரியாக ஐந்து மணித்தியாலம் செல்லும். கருத்தடைக் குளிசை எடுப்பவர்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்த கோப்பி இரவு பத்து மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். இரவு நித்திரையில்லை, அதனால் காலையில் களைப்பு, களைப்புக்கு இன்னொரு கோப்பி, மறுபடி நித்திரையில்லை என்று இது ஒரு சுற்றாகப் போகும்.

மதியத்துக்குப் பின் கோப்பியையும் கடுஞ்சாயத் தேநீரையும் இரண்டு கிழமை நிறுத்திப் பாருங்கள். பின்னேரத்தில் மல்லியை வறுத்து, வேர்க்கொம்பு சேர்த்து அவித்துக் குடிக்கலாம். தனி மல்லியில் கஃபீன் இல்லை. கோப்பித்தூளோடு மல்லி கலந்து இடித்ததில் கஃபீன் குறையுமே தவிர, இல்லாமல் போகாது. இவ்வளவும் செய்தும் நித்திரை வராவிட்டால், வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் தேசிய மனநல நிறுவகத்தின் உதவியைப் பெறலாம்.

கர்ப்பிணித் தாய்மார்

கர்ப்ப காலத்தின் கடைசி மாதங்களில் கஃபீன் உடம்பை விட்டு நீங்க மிக அதிக நேரம் எடுக்கும். அது குழந்தைக்கும் போய்ச் சேரும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்கவேண்டும் என்றும், அதனால் கருச்சிதைவும் நிறை குறைந்த குழந்தை பிறப்பதும் குறையலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஐரோப்பிய அதிகாரசபை 200 மில்லிகிராமையே எல்லையாக வைக்கின்றது. ஒரு கோப்பியும் ஓரிரண்டு மென்சாயத் தேநீரும் என்று நிறுத்திக்கொள்வது பாதுகாப்பானது. சிறு பிள்ளைகளுக்குப் போத்தலில் தேத்தண்ணி கொடுக்கும் பழக்கத்தையும் விடுவோம். அது வயிற்றை நிரப்புமே தவிர, பிள்ளைக்கு வளர்ச்சியைத் தராது.

இன்னும் சில கவனங்கள்

ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி என்றால் பத்துத் தேக்கரண்டி, அதாவது சுமார் 40 கிராம் சீனி ஆகின்றது. நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள், இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு பழகிவிடும். பனங்கட்டியும் இனிப்புத்தான். நீரிழிவுள்ளவர்கள் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

தூளை வடிக்காமல் குடிக்கும் கோப்பியில் கொலஸ்திரோலைக் கூட்டும் எண்ணெய்ப் பொருட்கள் உள்ளன. கொலஸ்திரோல் உள்ளவர்கள் வடித்த கோப்பியைக் குடிப்பது நல்லது. தைரொயிட் குளிசை எடுப்பவர்கள் அதைத் தண்ணீரோடு எடுத்து, அரை மணி தொடக்கம் ஒரு மணித்தியாலம் கழித்தே கோப்பி குடிக்கவேண்டும். நெஞ்செரிவு உள்ளவர்கள் வெறுவயிற்றில் குடிக்கவேண்டாம்.

கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் தலையிடி வருவதற்குப் பசி மட்டும் காரணமல்ல. நாளாந்தம் கோப்பி குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கும். விரதத்துக்கு ஒரு கிழமை முன்பிருந்தே படிப்படியாகக் குறைத்து வந்தால் இந்தத் துன்பம் இராது.

கடைசியாக ஒன்று. பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசியில்லை, ஒரு தேத்தண்ணி போதும்" என்று சொல்லும் தாய்மார் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். தேத்தண்ணி பசியை மறைக்கும், ஆனால் உடம்புக்குச் சோறு போடாது. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண் படுத்துவிட்டால் அந்த வீடே படுத்துவிடும். ஆகவே சகோதரிகளே, உங்கள் தட்டிலும் ஒரு பிடி சோற்றையும் ஒரு கரண்டி கீரையையும் முதலில் போடுங்கள். கோப்பி இரண்டு மணித்தியாலம் கழித்து வரட்டும்.