விளையாட்டுப் பலகையும் வினைத்திறனும்

கல்லூரி விழா மலரிலே விளையாட்டுப் பலகையொன்றைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். எனினும், மாணாக்கர்தம் கைகளுக்கு நாம் என்ன கல்வி அளிக்கின்றோம் என்னும் வினாவை எழுப்புதற்கு அதனினும் எளிய வாயில் பிறிதொன்று எமக்குப் புலப்படவில்லை.

ஆங்கிலத்திலே 'பின்போல்' என வழங்கும் விளையாட்டைப் பலர் அறிவர். சாய்ந்த பலகையிலே ஆணிகளும் தடைகளும் அமைந்திருக்கும்; சுருள்வில்லால் உந்தப்பட்ட குண்டு மேலேறி, அவற்றில் மோதி மோதிக் கீழே உருண்டு வரும். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரான்சிய உயர்குடியினர் ஆடிய 'பகாட்டெல்' என்பதன் வழிவந்தது அது. 1871இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலே வாழ்ந்த மொன்ரேகு ரெட்கிரேவ் என்பவர், சுருள்வில்லால் குண்டை உந்தும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். வெறும் அதிட்டத்தால் ஆடப்படும் சூதென்று கருதி, 1942இல் நியூயோர்க் நகர் இதனைத் தடைசெய்தது. குண்டைத் திருப்பியடிக்கும் சிறு கைகள் 1947இலேதான் சேர்க்கப்பட்டன. 1976இல் ரொஜர் சார்ப் என்பவர் நகரசபைக் குழுவினர் முன்னிலையில் ஆடி, குண்டு இன்ன வழியே செல்லும் என முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே செலுத்திக் காட்டினார். அவ்வாண்டிலேயே தடை நீங்கிற்று. ஊழின்பாற்பட்டது என்று எண்ணப்பட்டது, பயின்ற கைக்கு அடங்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

அண்மையிலே, ஏழு வயதுடைய எம் மகளோடு கூடி அத்தகைய பலகையொன்றை யாமும் அமைத்தோம். விலை கொடுத்து வாங்கிய பொருள் ஆணி மாத்திரமே. பழைய அலுமாரியின் பின்பலகை ஆடுகளமாயிற்று. மோட்டார்ச் சைக்கிளின் பிறேக்குக் கம்பியும் அதிற் கோத்திருந்த சுருள்வில்லும் உந்துகோலாயின. கிழிந்த சைக்கிள் ரியூப்பை நாடாவாக நறுக்கி ஆணிகளிடையே இழுத்துக் கட்டினோம். துருவேறிய சைக்கிள் மணி நடுவிடம் பெற்றது. குண்டோ, முச்சக்கர வண்டி திருத்துமிடத்திற் கழித்துவிட்ட பேரிங்கிலிருந்து வந்தது.

பலகையின் தலைப்பக்கத்தை முதலில் ஓரங்குலம் உயர்த்தினோம்; குண்டு ஆணிகளிடையே சோம்பி நின்றது. ஆறு அங்குலம் உயர்த்தவே, கண்ணிமைக்குமுன் கீழே வந்து வீழ்ந்தது. "அப்பா, கொஞ்சம் பதிச்சுப் பார்ப்பமோ?" என்றாள் குழந்தை. இரண்டடி நீளமுள்ள அப்பலகைக்கு மூன்று அங்குல உயரமே ஏற்றதென அவளே கண்டறிந்தாள். குண்டைத் திருப்பியடிக்கும் மரத்துண்டுக்கு அவள் 'தட்டுக்கை' எனப் பெயரிட்டாள். கலைச்சொல்லாக்கக் குழுவெதுவும் கூடாமலே தமிழுக்கு ஒரு சொல் கிடைத்தது! சாய்வு, விசை, உராய்வு என்னுஞ் சொற்களை அவள் இனிமேல்தான் பாடநூலிற் படிக்கப்போகின்றாள். ஆயின் அச்சொற்கள் குறிக்கும் பொருள் அவள் விரல்களுக்கு முன்னரே பழக்கமாகிவிட்டது. பொருளை அறியாது சொல்லை மனனஞ்செய்யும் பிள்ளைகளை நாள்தோறும் வகுப்பிற் காணும் தமிழாசிரியராகிய எமக்கு, இது சிறிய செய்தியன்று.

இக்கருத்துப் புதியதுமன்று. மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளிலே 1972இல் தொடங்கிய அறிவியற் கல்வித் திட்டத்தில், 1978இல் அரவிந்த் குப்தா என்னும் பொறியியலாளர் இணைந்தார். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வுக் குழாயையும் கொண்டு வடிவங்கள் ஆக்கக் கற்பித்த அவர், கழிபொருளிலிருந்து விளையாட்டுப் பொருள் செய்வதையே தம் வாழ்நாட் பணியாக்கி, 2018இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. நாட்டுப்புறத்துப் பிள்ளையை நாட்டுப்புறத் தொழிலிலேயே நிறுத்திவிடும் சூழ்ச்சி அது என்று அந்நாளில் எழுந்த ஐயத்தை நாம் புறக்கணித்தலாகாது. கைப்பயிற்சி ஏழைப் பிள்ளைக்கும் ஏட்டுக் கல்வி செல்வப் பிள்ளைக்கும் என வகுப்பின், அவ்வையம் நியாயமானதே. மருத்துவராக வருபவனும் மீன்பிடிக்கச் செல்பவனும் ஒரே மேசையில் நின்று சுத்தியல் பிடிப்பதே யாம் வேண்டுவது.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்குகையில் ஆணியும் பலகையும் எதற்கு எனப் பெற்றோர் கேட்பர். அவர்தம் கவலையை யாம் அறிவோம். ஆயின் பரீட்சையையே அதிட்டச் சீட்டாக எண்ணி அஞ்சும் பிள்ளைக்கு, தவறியதற்குக் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டால் திருத்தலாம் என்னும் துணிவைத் தருவது எது? மூன்று அங்குலத்தைத் தானே கண்டறிந்த பிள்ளைக்கு அத்துணிவு இருக்கின்றது. கற்பிட்டியிலும் உடப்பிலும் கடலிடை நின்றுபோன எஞ்சினைத் தம் கையாலேயே திருத்திக் கரைசேரும் தந்தையர்க்கு இதனை யாம் விளக்க வேண்டுவதில்லை. அவர்தம் மக்களே நம் வகுப்பறையிற் கைகட்டி அமர்ந்திருக்கின்றனர்.

விழாக் காலத்திலே வளைவும் மண்டபமும் எழுப்பப் பழைய மாணவர் விழைதல் இயல்பு. அவற்றை யாம் மறுக்கவில்லை. அவற்றோடு ஒரு சிறு பட்டறையும் எழுக என்பதே எம் வேண்டுகோள். நான்கு உறுதியான மேசைகள், சில சுத்தியல்கள், வாள்கள், குறடுகள் போதும். நும் வீட்டு மூலையிற் கிடக்கும் உடைந்த மின்விசிறியையும் ஓடாத சைக்கிளையும் பழைய இரும்புக்கு விற்காது கல்லூரிக்கு அனுப்புங்கள். பழுதுபார்க்கும் தொழில் அறிந்த பழைய மாணவர் வாரத்தில் ஒரு பிற்பகல் வந்து மாணவரருகே நிற்பாராக. ஆசிரியராகிய யாம் அவ்வேளையைப் பாடவேளையாகவே மதிப்போம். மாணவர்காள், அங்கே நீவிர் ஆக்கும் பொருளுக்கெல்லாம் நல்ல தமிழ்ப் பெயர் நீவிரே இடுவீராக!