கொஞ்சம்தானே என்று சொல்லாதீர்கள்



பிறந்த நாள் விருந்து கூடுமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவில்லை. மெழுகுவர்த்தி ஏற்றி ஊதுவதை நான் விரும்புவதில்லை. நபி (ஸல்) அவர்கள் திங்கட்கிழமை நோன்பு நோற்றதற்குத் தாம் பிறந்த நாள் அது என்பதையும் காரணமாகச் சொன்னார்கள் என்று முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. ஆனால் இம்முறை வந்த கடிதம் வேறு விதம்.

1990இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் குடும்பம். பத்து வயது மகளுக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவளது சிறுகுடலின் உட்புறம் சிதைகிறது. உண்டது உடலில் ஒட்டாமல் இரத்தச்சோகையும் மெலிவும் வருகின்றன. குணமாக்கும் மருந்து இல்லை; ஆயுள் முழுதும் விலக்குவதே வழி. சென்ற பிறந்த நாளில் மாமி, "கொஞ்சம்தானே, பிஸ்மி சொல்லித் தின்னு மகள்" என்று கேக் ஊட்டிவிட்டார். இரண்டு நாள் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். இவ்வருடம் கீரிமலையில் கடலோரத்து நன்னீர்க் கேணியைக் காட்டிவிட்டு, யாழ் நகரில் கடைச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க வாப்பா ஆசைப்படுகிறார். இது வீண்விரயமா என்று உம்மா கேட்கிறார்.

இல்லை, சகோதரியே. பிஸ்மி சொல்வது பத்தியத்துக்குப் பதிலாகாது. நோயிலிருந்து எழுந்த அலி (ரலி) அவர்கள் பேரீச்சங்குலையில் கைவைத்தபோது நபியவர்கள் தடுத்து, பார்லியும் கீரையும் சேர்த்துச் சமைத்ததை உண்ணச் சொன்னார்கள். (அதே பார்லி உங்கள் மகளுக்கு ஆகாது. சுன்னத்தான உணவென்று யாராவது தல்பீனா காய்ச்சி வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள்.)

யாழ்ப்பாணத்தில் அவளுக்கு ஏற்ற விருந்து ஒடியற் கூழ். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், இறால், பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய், புளி சேர்த்துக் காய்ச்சுவது. நண்டு பற்றிய மஸ்அலாவை இன்னொரு மாதம் பார்ப்போம். புட்டு, இடியப்பம் என்றால் கேட்டே வாங்குங்கள். அரிசி மாவோடு கோதுமை மா கலப்பவர்கள் உண்டு. கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மா இருக்கும். பராட்டா சுட்ட கல்லில் தோசை வேண்டாம். கேக்குக்குப் பதில் வட்டிலப்பம் போதும்: முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டிதான்.

இறைச்சி ஹலாலா என்று கூச்சமின்றிக் கேட்கிறோமே, மாவையும் அப்படிக் கேளுங்கள். கடைக்காரச் சகோதரர்களே, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு வியாபாரம் போகும், அவ்வளவுதான். உங்கள் வாய்ச்சொல் அந்தப் பிள்ளையின் விஷயத்தில் அமானிதம்.

மாமியையும் கூட்டிப் போங்கள். அந்தக் கூழ் அவருக்கும் பிடிக்கும்.