அபராதமா? ஆதாரம் எங்கே?

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டிப் பிழைக்கும் தோழர்கள் ஏராளம். ஒருநாள் கைபேசி ஒலிக்கிறது. வேகமாகச் சென்றீராம், ஆயிரம் ரூபாய் அபராதமாம்! சொகுசுக் காரில் செல்லும் சீமானுக்கு அது கைச்செலவு. சரக்கு ஆட்டோ ஓட்டும் தொழிலாளிக்கோ அது வீட்டு அரிசி!

வேகத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. வேகம் உயிர் குடிக்கும். நடந்து செல்பவரும் மிதிவண்டித் தொழிலாளியும்தான் அதற்கு முதற்பலி. தவறு செய்தவர் தண்டம் கட்டட்டும். நாம் கேட்பது ஒன்றே: குற்றம் சாட்டும் அரசு தன் கடமையைச் செய்ததா?

கடமை எது என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் சேர்க்கப்பட்ட 167-ஏ விதியே சொல்கிறது. கேமரா கண்காணிக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை கண்ணில்பட வேண்டும். கருவிக்கு ஒப்புதல் சான்று வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். வண்டி எண் தெரியும் படம், அளந்த வேகம், நாள், நேரம், இடம் அத்தனையும் அதில் இருக்க வேண்டும்.

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்கள் ஏறின. தலைக்கவசம் இல்லாததற்கு 100 ரூபாய் என்பது 1,000 ஆயிற்று. தண்டம் பத்து மடங்கு ஏறினால், தண்டிப்பவரின் பொறுப்பும் ஏற வேண்டாமா?

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுவோர் 2023ஐ நினைக்கட்டும். அந்த ஜூனில் சென்னையில் 40 கிலோமீட்டர் வரம்பை வைத்து வேகம் அளக்கப் புறப்பட்டார்கள். மக்கள் கேள்வி எழுப்பினர். நவம்பரில் வரம்பு திருத்தப்பட்டது: காருக்கு 60, இருசக்கர வண்டிக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30.

ஆகவே தோழர்களே, அஞ்சி உடனே பணம் கட்டாதீர்! கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது; பிறகு வாதாட இடமில்லை. முதலில் படத்தைப் பாருங்கள். வண்டி நம்முடையதா? இடம் சரியா? பலகை இருந்ததா? தவறு நம்முடையதானால் கட்டுவோம். இல்லையேல் காவல்துறைக்கு எழுதுவோம். தீராவிட்டால் நீதிமன்றத்தில் கேட்போம். கட்டாமலும் கேட்காமலும் கிடப்பது மட்டும் கூடாது. அது பின்னால் வண்டிக்கே வினையாகும்.

தனியே அலைந்தால் ஒருநாள் கூலி போகும். ஆட்டோ நிலையத் தோழர்கள் ஒன்றுகூடி எழுதினால், பலகையில்லாத இடம் ஊருக்கே தெரியும். விசாரணை கேட்பது சலுகையல்ல, உரிமை! சட்டம் ஓட்டுநருக்கு மட்டுமல்ல, சட்டத்தைக் கையிலேந்தியவருக்கும்தான்!