ஜன்னலை மாற்றுவதா, சீரமைப்பதா?

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் மும்பையில் பெய்யும் மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டுவது வழக்கம். ஆகவே மே மாதம் பிறந்ததும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுப் பழுதுபார்ப்பு வேலைகள் விரைவு பெறுகின்றன. அப்போது நம்மில் பலர் முன் நிற்கும் கேள்வி, ஜன்னல்களை முற்றிலும் மாற்றிவிடலாமா என்பது. மின்கட்டணம் குறையும், போட்ட முதல் திரும்பி வரும் என்று விற்பனையாளர்கள் கூறுகின்றனர். ஒழுகலுக்காகவும் இரைச்சலுக்காகவும் மாற்றுவது நியாயம். மின்சாரச் சேமிப்பை நம்பி மாற்றுவது நியாயமன்று என்பதே நமது கருத்து.

கணக்கைப் பார்ப்போம். ஒரு டிகிரி வெப்பநிலை வேறுபாட்டுக்கு, ஒற்றைக் கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5.7 வாட் வெப்பத்தைக் கடத்துகிறது. சாதாரண இரட்டைக் கண்ணாடி 2.8 வாட். வெளியே 33 டிகிரி, ஏசி ஓடும் அறையில் 25 டிகிரி என்று கொண்டால், 1.8 சதுர மீட்டர் ஜன்னலில் மிச்சமாவது சுமார் 42 வாட் வெப்பமே. அதை வெளியேற்ற ஏசிக்குத் தேவைப்படும் மின்சாரம் ஏறத்தாழ 14 வாட். ஆண்டுக்கு 200 இரவுகள், இரவுக்கு 8 மணி நேரம் என்றாலும் சேமிப்பு 22 யூனிட்டுகள்தான். யூனிட் 10 ரூபாய் எனில் 220 ரூபாய். இரட்டைக் கண்ணாடிக்கு ஒரு ஜன்னலுக்கு 10,000 ரூபாய் கூடுதலாகச் செலவிட்டால், அதை மீட்க 45 ஆண்டுகள் ஆகும். குளிர்நாடுகளில் உள்ளும் புறமும் 20, 30 டிகிரி வேறுபாடு உண்டு. அங்கே பொருந்தும் கணக்கு இங்கே பொருந்தாது.

நம் வீடுகளைப் பகலில் சுடவைப்பது பெரும்பாலும் நேரடி வெயில். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடு, மூங்கில் தட்டி போன்றவற்றால் நிழல் தருவது, குறைந்த செலவில் அதிகப் பயன் தரும்.

அடுத்து, ஒழுகல். மழைநீர் பல வேளைகளில் கண்ணாடி வழியாக வருவதில்லை. ஜன்னல் நிலையும் சுவரும் சேரும் இடுக்கு வழியாகவோ, வெளிப்புறம் சரிவில்லாத அடித்தளத்தில் தேங்கியோ உள்ளே கசிகிறது. அந்தக் குறையைக் களையாமல் புதிய ஜன்னல் பொருத்தினால் அதுவும் ஒழுகும். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் உள்ள தேக்கு ஜன்னல்களுக்குச் சமமான மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. கீல், கொண்டி மாற்றி, இடுக்கடைத்து, வண்ணம் பூசினால் அவை இன்னும் பல்லாண்டு உழைக்கும். நிலையே உளுத்துவிட்டாலோ, இரும்புச் சட்டம் துருவேறி மூட முடியாமற் போனாலோ மாற்றியே ஆகவேண்டும். ரயில் பாதையோரம் வாழ்பவர்களுக்கு, ரப்பர் பட்டையுடன் இறுக மூடும் கதவு ஜன்னல் உறக்கத்தை மீட்டுத் தரும். அதை ரூபாயில் அளக்க இயலாது.

காற்றோட்டத்தையும் மறத்தலாகாது. நகர்த்தும் ஜன்னலில் பாதிப் பரப்பே திறக்கும். ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் திறப்பின் அளவு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவுகோல். ஒரே ஜன்னலை நம்பி வாழும் தாராவியின் சிறு அறைகளில், இருக்கும் திறப்பைப் பாதியாக்குவது உடல்நலத்தை விலையாகக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டு நிற்கும்? மும்பையில் 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்கு உறுதித்தன்மை ஆய்வு கட்டாயம். அந்த அறிக்கையைச் சொசைட்டி அலுவலகத்தில் கேட்டுப் படியுங்கள். மறுமேம்பாட்டுக்குத் தீர்மானம் நிறைவேறியிருந்தால், புதிய ஜன்னல் இடிபாட்டோடு போய்விடும். 2024 மார்ச்சில் மறுமேம்பாட்டுக் கணக்கெடுப்பு தொடங்கிய தாராவியிலும் இதே எச்சரிக்கை தேவை. அங்கே சிறு பழுதுபார்ப்பே அறிவுடைமை. வெளித்தோற்றம் மாறுமெனில் சொசைட்டியின் எழுத்துமூல இசைவையும் முன்னரே பெறுதல் நலம்.

கடன் வாங்கியே மாற்றுவதென்றால் வட்டியையும் விலையோடு சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,50,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் 36 தவணைகளில் திருப்பினால், மாதம் ஏறத்தாழ 4,982 ரூபாய். மொத்த வட்டி 29,000 ரூபாய்க்கு மேல். பழைய வரிமுறையில் இருப்பவர்கள், தாம் குடியிருக்கும் சொந்த வீட்டின் பழுதுபார்ப்புக் கடனுக்கான வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய வரிமுறையில் இச்சலுகை இல்லை.

வங்கியின் இதழ், கடன் வாங்காதீர்கள் என்று சொல்லலாமா எனச் சிலர் வியக்கலாம். பயன் தராத செலவுக்கு வாங்கிய கடன், வாடிக்கையாளருக்கும் சுமை, வங்கிக்கும் சுமை. முதலில் சீரமைப்பு, அடுத்து நிழல், இரண்டும் போதாதபோது மட்டுமே மாற்றம் என்ற வரிசையைக் கடைப்பிடித்தால், பல குடும்பங்களுக்குக் கடன் விண்ணப்பமே தேவைப்படாது.