28 நாள் கணக்கு
பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கும் சைட் இன்ஜினீயர்களின் புலம்பலைக் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டதாரி என்றால் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவம், 35 மணி நேர வகுப்பு என்பதெல்லாம் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. மாதிரித் தேர்வில்தான் அடி விழுகிறது. அதில் இப்படி ஒரு கேள்வி: வீட்டுக்காரர் வந்து நின்று, 'இந்தச் சுவரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிடுங்க' என்றால் என்ன செய்வீர்கள்? சைட்டில் உடனே மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள். தேர்வுப் புத்தகமோ, பாதிப்பைக் கணக்கிடு, எழுத்தில் கொடு, ஒப்புதல் வாங்கு என்கிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று சிரிக்கிறார்கள். எனக்கென்னவோ நியாயம் புத்தகத்தின் பக்கம்தான் இருப்பதாகப் படுகிறது. எழுத்தும் நாள் கணக்கும் நமக்குப் புதிதும் இல்லை. கான்கிரீட் விஷயத்தில் நம் ஆட்கள் புலிகள்: 150 மில்லிமீட்டர் கியூபை வார்த்து, மேலே தேதியைப் பெயின்டால் எழுதி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் உடைத்துப் பார்த்துவிடுவார்கள். ஆனால், சர்வதேசக் கட்டுமானப் பணிகளில் புழங்கும் ஃபிடிக் சிவப்புப் புத்தகம் என்ற மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில், 20.1-ஆம் பிரிவிலும் ஒரு 28 நாள் இருக்கிறது. கூடுதல் அவகாசமோ பணமோ கேட்க நினைக்கும் ஒப்பந்ததாரர், காரணம் தெரியவந்ததிலிருந்து அத்தனை நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். (வீட்டுக்காரர்தான் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டினாரே, போதாதா என்கிறார் ஒருவர்!) அந்தக் கெடு தாண்டினால் கூடுதல் நாளும் கிடையாது, கூடுதல் பணமும் கிடையாது.