சிபிடி எண்ணெய்: நடுத்தர வயதினருக்கு எந்த வகை பொருந்தும்? - ஓர் அலசல்

புதுதில்லி: மூட்டுவலி, தூக்கமின்மை, மனப்பதற்றம் ஆகிய மூன்றுக்கும் ஒரே குப்பியில் தீர்வு என்ற விளம்பரத்துடன் விற்கப்படும் சிபிடி எண்ணெய், நாற்பது வயதைக் கடந்த இந்தியர்களைக் குறிவைத்து இணையச் சந்தையில் வலம் வருகிறது. கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் கன்னபிடியால் என்ற வேதிப்பொருளின் சுருக்கமே சிபிடி. அதே செடியில் உள்ள டிஎச்சி என்ற பொருளைப் போல இது போதை தருவதில்லை. அடிமைத்தனத்தை உண்டாக்கும் தன்மையும் இதற்கு இல்லை என உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு ஏற்கெனவே தெரிவித்துள்ளது.

ஆனால், போதை தராத பொருள் என்பதும் பாதுகாப்பான பொருள் என்பதும் ஒன்றல்ல. இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வாங்கும்போது எழாத கேள்விகள், ஐம்பது வயதுக்காரர் வாங்கும்போது எழுகின்றன. காரணம், அவரது மேஜையில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் நிதியுதவியுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் உள்ளது. சிபிடி விற்பனையாளர்கள் தேடும் வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் இவர்களே.

மேலைநாட்டுக் கடைகளில் சிபிடி மூன்று வகையாகக் கிடைக்கிறது. செடியின் எல்லாக் கூறுகளையும், சிறிதளவு டிஎச்சியையும் கொண்டது முழு நிறமாலை வகை. டிஎச்சியை மட்டும் நீக்கிப் பிற கூறுகளைத் தக்கவைத்துக் கொண்டது அகன்ற நிறமாலை வகை. வேறெதுவும் கலவாத தனிச் சிபிடி மூன்றாவது வகை. இணையத்தில் படிக்கக் கிடைக்கும் தேர்வுக் குறிப்புகள் அனைத்தும் இந்தப் பிரிவினையை வைத்தே எழுதப்பட்டவை. இந்திய வாசகர் அவற்றை அப்படியே பின்பற்ற முயன்றால் குழப்பமே மிஞ்சும். ஏனெனில், இங்கே வகைகளைப் பிரிப்பது வேதியியலைவிடச் சட்டமே.

செடியின் எந்தப் பகுதி?

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கஞ்சாச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளையும் அதிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பிசினையும் தடைப்பட்டியலில் வைத்துள்ளது. நுனியுடன் சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வட மாநிலங்கள் சிலவற்றில் அரசு உரிமத்துடன் பாங்கு கடைகள் இயங்குவது இந்த இடைவெளியால்தான். இந்தியாவில் இன்று சட்டப்படி விற்கப்படும் பொருள்களும் இதே இடைவெளியில்தான் முளைத்துள்ளன.

முதலாவது, விதை எண்ணெய். கஞ்சாச் செடியின் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவுப் பொருள்களாக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் அங்கீகரித்தது. விதை எண்ணெயில் டிஎச்சி கிலோவுக்கு 10 மில்லிகிராமையும், இத்தகைய உணவுகளில் சிபிடி கிலோவுக்கு 75 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. 'ஹெம்ப் ஆயில்' என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். நல்ல கொழுப்பு அமிலங்கள் கொண்ட சமையலறைப் பொருள் அது. சிபிடி மருந்து அல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு சிபிடி இருந்தாலும்கூட, 10 மில்லிகிராம் சிபிடி உடலில் சேர ஒருவர் 130 கிராமுக்கு மேல் எண்ணெய் குடிக்க வேண்டும். முழங்கால் வலிக்காக இதை வாங்குபவர் ஏமாற்றப்படுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, 'விஜயா' இலைச் சாறு. ஆயுர்வேதத்தில் கஞ்சாச் செடிக்கு வழங்கும் பெயர் விஜயா. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளில், நச்சுத்தன்மையுள்ள மூலப்பொருள்களைத் தொகுக்கும் இ-1 அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. சித்த மருத்துவத்துக்கான பகுதியிலும் கஞ்சா உண்டு. இவற்றைக் கொண்ட உள்மருந்துகளின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருப்பது கட்டாயம். மாநில ஆயுஷ் உரிமத்துடன் தயாரிக்கப்பட்டு, 'சிபிடி மிகுந்தது' என விளம்பரப்படுத்தப்படும் குப்பிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. மேலைநாட்டு மொழியில் சொன்னால் இவை முழு நிறமாலை வகை. அதாவது, டிஎச்சியும் உள்ளே இருக்கும் என்று எடுத்துக்கொண்டே வாங்க வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்படும் குப்பிகள். இவை பெரும்பாலும் பூவிலிருந்து எடுக்கப்பட்ட சாறு. பூ நுனியின் சாறு இந்தியச் சட்டத்தின் வரையறைக்குள் நேரடியாக வருகிறது. டிஎச்சியோ தனியாகவே மனமயக்கப் பொருள்களின் பட்டியலில் உள்ளது. அமெரிக்காவில் மளிகைக் கடையில் வாங்கியது என்ற விளக்கம் சுங்கத் துறையிடம் செல்லுபடியாகாது.

'0.3 சதவீதம்' என்ற மாயை

முழு நிறமாலைக் குப்பிகளில் டிஎச்சி 0.3 சதவீதத்துக்கும் குறைவு என்று அச்சிடப்பட்டிருக்கும். 2018-ஆம் ஆண்டின் அமெரிக்க வேளாண் சட்டம் வகுத்த எல்லை அது. செடிக்காக வகுக்கப்பட்ட அந்த விகிதத்தை எண்ணெய்க் குப்பிக்குப் பொருத்தும்போது வேறொரு சித்திரம் தெரிகிறது. 30 மில்லி குப்பியில் இருக்கும் சுமார் 28 கிராம் எண்ணெயில் 0.3 சதவீதம் என்பது ஏறக்குறைய 84 மில்லிகிராம். டிஎச்சியின் ஆராய்ச்சி அலகாக அமெரிக்க தேசிய போதைப்பொருள் பழக்க ஆய்வு நிறுவனம் 2021-இல் வரையறுத்தது 5 மில்லிகிராம். நாளைக்கு இரண்டு மில்லி எடுத்துக்கொள்பவர் தம்மை அறியாமலேயே அந்த அலகைத் தாண்டிவிடலாம்.

டிஎச்சி இதயத் துடிப்பை விரைவுபடுத்தும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியவும் காரணமாகலாம். இதய நோயாளிகளுக்கும், இரவில் எழுந்து நடக்கையில் தடுமாறுபவர்களுக்கும் இது சிறிய செய்தி அல்ல. வாகனம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களும், பணியிடத்தில் போதைப்பொருள் பரிசோதனைக்கு உட்படுபவர்களும் இந்த வகையை முற்றாகத் தவிர்ப்பதே நல்லது. சிறுநீர்ப் பரிசோதனைக்கு மருந்து, போதை என்ற வேறுபாடு தெரியாது.

அமெரிக்காவே இப்போது இந்த ஓட்டையை அடைக்கத் தொடங்கியுள்ளது. 2025 நவம்பரில் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், நுகர்வோருக்கு விற்கப்படும் குப்பி ஒன்றில் மொத்த டிஎச்சி 0.4 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஓராண்டு அவகாசத்துக்குப் பின் அது நடைமுறைக்கு வரும்போது, அங்குள்ள முழு நிறமாலைக் குப்பிகளில் பெரும்பாலானவை சட்டத்துக்குப் புறம்பானவை ஆகிவிடும்.

மாத்திரைகளுடன் மோதல்

டிஎச்சி அறவே இல்லாத தனிச் சிபிடியே பாதுகாப்பானது என்று இதிலிருந்து முடிவு செய்துவிடவும் இயலாது. பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி தடுக்கிறது. அதனால் மாத்திரைகள் சில ரத்தத்தில் தேவைக்கு மேல் தங்கிவிடக்கூடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, சிபிடி சேர்ந்ததும் ரத்தப்போக்கு அபாயத்தைக் காட்டும் அளவீடு உயர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் ஆகியவையும் இதே நொதிகளின் வழியாகவே வெளியேறுபவை. ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்குத் தரப்படும் குளோபிடோக்ரெலின் சிக்கல் தலைகீழானது. அது உடலுக்குள் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். அந்த நொதி தடைபட்டால் மருந்தின் பயன் குறைய வாய்ப்புண்டு. தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மயக்கம் கூடும்.

கல்லீரல் பற்றிய கவலையும் ஊகம் அல்ல. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாக ஆய்வாளர்கள் நடத்தி 2025-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஆரோக்கியமான நபர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் 28 நாள்கள் சிபிடி தரப்பட்டது. அவர்களில் 5.6 சதவீதம் பேருக்குக் கல்லீரல் நொதி அளவு இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது. வலியோ மஞ்சள் காமாலையோ இல்லாமல், ரத்தப் பரிசோதனையில் மட்டுமே தெரிந்த மாற்றம் அது. கொழுப்புக் கல்லீரல் இருப்பதே தெரியாமல் வாழும் நடுத்தர வயதினர் நம்மிடையே ஏராளம்.

இதற்கு ஈடாகக் கிடைக்கும் பயன் என்ன? சிபிடியை அடிப்படையாகக் கொண்ட எபிடியோலெக்ஸ் என்ற மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் ஒப்புதல் அளித்தது. அது அரிய வகை வலிப்பு நோய்களுக்கானது. கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை தரப்படும் அம்மருந்து, 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 600 முதல் 1,200 மில்லிகிராம் ஆகும். கடைக் குப்பி ஒன்றில் மொத்தமே 1,000 மில்லிகிராம் இருப்பதுண்டு. சொட்டு மருந்தாக எடுப்பவருக்குக் கிடைப்பதோ நாளைக்கு 20, 30 மில்லிகிராம். மருந்தின் நற்பெயரைக் காட்டி, அதன் சிறு துளியை வேறு நோய்களுக்கு விற்பதுதான் இங்கே நடக்கும் வணிகம். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021-இல் தன் நிலைப்பாட்டை அறிவித்தபோது, கஞ்சாவையும் அதன் சேர்மங்களையும் வலி நிவாரணத்துக்குப் பொதுவாகப் பரிந்துரைக்க மறுத்தது. மனப்பதற்றம் தொடர்பாகச் சில சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன என்றாலும், அவற்றில் பயன்படுத்தப்பட்ட அளவு பெரும்பாலும் 300 மில்லிகிராமை ஒட்டியது.

அளவைக் கூட்டினால் பயன் கிடைக்கலாம். ஆனால், கல்லீரல் கணக்கு தொடங்குவதும் அந்த அளவில்தான். மேலே சொன்ன அமெரிக்கப் பரிசோதனையின் அளவு 60 கிலோ எடைக்கு 300 மில்லிகிராம். பிரிட்டனின் உணவுத் தர முகமை, ஆரோக்கியமான வயது வந்தோருக்கான நாள் வரம்பை 70 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக 2023 அக்டோபரில் குறைத்ததும் நீண்டகாலப் பாதிப்புகளைக் கருதியே.

குப்பியில் எதைப் பார்ப்பது?

இவ்வளவுக்குப் பிறகும், மருத்துவர் ஒப்புதலுடன் முயல விரும்புவோர் உண்டு. நாள்பட்ட வலியில் பிற மருந்துகள் கைகொடுக்காத நிலையில் அந்த விருப்பத்தைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, முன்பக்கத்தில் உள்ள பச்சை இலைப் படத்தை அல்ல. ஆயுஷ் உற்பத்தி உரிம எண்ணையும், தொகுதி எண்ணையும். அதே தொகுதிக்கான ஆய்வகச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். அதில் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் சிபிடி, எத்தனை மில்லிகிராம் டிஎச்சி என்று தனித்தனியே இருக்க வேண்டும். 'விஜயா சாறு 1,000 மில்லிகிராம்' என்பது சிபிடியின் அளவு அல்ல; சாற்றின் எடை. இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டும் உறைகளை ஒதுக்கிவிடலாம். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்கான சோதனை முடிவும் தேவை. கஞ்சாச் செடி மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சுவதில் வல்லது. செர்னோபில் அணு விபத்துப் பகுதியில் மண்ணைத் தூய்மைப்படுத்த அதையே பரிசோதித்துப் பார்த்தார்கள்.

உறையை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு 2017-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு சான்று. இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களில் 31 சதவீதம் மட்டுமே உறையில் சொன்ன அளவைக் கொண்டிருந்தன; 18 பொருள்களில் டிஎச்சி கண்டறியப்பட்டது. நீரிழிவு, ரத்த அழுத்தம், புற்றுநோய் ஆகியவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்பவரிடம் எதையும் வாங்காதிருப்பது நல்லது. அத்தகைய விளம்பரத்தை 1954-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டமே தடை செய்கிறது.

இணையத்தில் வாங்குவோருக்கு விற்பனைத் தளமே காணொலியில் மருத்துவர் ஒருவரை ஏற்பாடு செய்து தருவதும் வழக்கமாகிவிட்டது. விற்பவரே ஏற்பாடு செய்யும் மருத்துவர் எழுதும் சீட்டு, சட்டத்தின் தேவையை நிறைவேற்றலாம். அவரிடம் நோயாளியின் முழு மருந்துப் பட்டியல் இருக்குமா என்பது வேறு கேள்வி. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, தொடங்குமுன் ஒருமுறையும், சில வாரங்கள் கழித்து மற்றொரு முறையும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது பொருத்தமாக இருக்கும். உணவுடன் எடுப்பதா, வெறும் வயிற்றிலா என்பதையும் முடிவு செய்து, தினமும் அப்படியே தொடர வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவுடன் எடுத்தால் ரத்தத்தில் சேரும் சிபிடி நான்கு மடங்குவரை கூடும். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், மயக்க மருந்து நிபுணரிடம் மறைக்கக் கூடாது.

உத்தரகண்ட் 2018-லேயே டிஎச்சி குறைந்த செடிகளை வணிகரீதியில் பயிரிட அனுமதித்தது. ஹிமாசலப் பிரதேச அமைச்சரவை 2025 ஜனவரியில் முன்னோடி ஆய்வுக்கு ஒப்புதல் அளித்தது. ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் இச்செடியை மருத்துவ நோக்கில் வளர்த்து ஆராய்ந்து வருகிறது. சாகுபடி பெருகும்போது குப்பிகளும் பெருகும். ஒவ்வொரு உறையிலும் சிபிடி, டிஎச்சி அளவை எண்ணாகவே அச்சிடும் கட்டாயத்தை இலைச் சாற்றுக்குக் கொண்டுவர இதுவே தக்க தருணம்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் பெற்றோருக்கு வாங்கிவரும் குப்பிகளைப் பொறுத்தவரை, சிக்கல் இந்திய விமான நிலையத்துக்கு முன்பே தொடங்கிவிடலாம். ஹாங்காங் 2023 பிப்ரவரி 1 முதல் சிபிடியை அபாயகரமான போதைப்பொருளாக அறிவித்துள்ளது. அங்கு அதை வைத்திருந்தாலே ஏழு ஆண்டுகள்வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். சிங்கப்பூரிலும் சிபிடி கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருளே.